தாத்தாவுக்கு மேலே யார் பெயரும் தெரியவில்லை. கல்லறைகளையும் இறப்புப் பதிவேடுகளையும் வைத்து முன்னோர்களைத் தேட முடியுமா?

முடியும். எவ்வளவு தூரம் போகலாம் என்பது உங்கள் வீட்டில் புதைப்பார்களா எரிப்பார்களா, ஊர் பழைய சென்னை மாகாணத்தில் இருந்ததா திருவிதாங்கூரில் இருந்ததா, பத்திரம் கித்திரம் ஏதாவது பரண்மேல் மிச்சம் இருக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்தது. என் அம்மா வழி தெற்குத் திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். அங்கே 1870-கள் வரை போக முடிந்தது. மனைவி வீட்டில் எரிக்கிற வழக்கம், அங்கே தேடியது வேறு மாதிரி. இரண்டையும் சொல்கிறேன்.

நிறையப் பேர் எடுத்த எடுப்பில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். அது பிறகு. காசு இருந்தவர்களுக்குத்தான் கல் வைத்தார்கள். எங்கள் ஊரில் பனையேறிப் பிழைத்தவர்களுக்கு ஒரு மண்மேடும் மரச் சிலுவையும்தான், நாலு மழையில் இரண்டும் போய்விடும். காகிதத்தில் தொடங்குங்கள். அதிலும் இறப்புப் பதிவு என்பது பெயர், வயது, தேதி என்று ஒரே ஒரு வரிதான். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு அடுத்த பதிவேட்டுக்கு எப்படித் தாவுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

அரசுப் பதிவை முதலில் பார்த்துவிடுவோம். இப்போது நடப்பில் இருப்பது 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். அதன் 17-வது பிரிவின்படி யார் வேண்டுமானாலும் பதிவேட்டில் தேடச் சொல்லிக் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம், ஆனால் அந்த நகலில் இறப்புக்கான காரணத்தைக் காட்டமாட்டார்கள், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அதற்கு முன்பு கிராமங்களில் பிறப்பு இறப்பை எழுதி வைத்தவர் கிராம முன்சீப். பரம்பரையாக வந்த அந்தப் பதவிகளை 1980-இல் ஒழித்தார்கள், நோட்டுகள் கைமாறின. இன்று போய்க் கேட்டால் வி.ஏ.ஓ. தாலுகா ஆபீஸைக் காட்டுவார், தாலுகா ஆபீஸ் சார்பதிவாளர் அலுவலகத்தைக் காட்டும். சலிக்காமல் மூன்று இடத்திலும் கேளுங்கள். 'எங்க தாத்தாவோட அப்பா' என்று கேட்டால் யாரும் தேடமாட்டார்கள். ஊர்ப் பெயர், ஏறக்குறைய எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்று எழுதிக் கொடுத்தால்தான் நோட்டை எடுப்பார்கள்.

இனி சபைப் பதிவேடு, அதாவது கோயிலில் (சர்ச்சில்) வைத்திருக்கும் நோட்டு. விஷயம் கொட்டிக் கிடப்பது இங்கேதான். எங்கள் சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த வட்டாரம்) சேகரகுரு ஐயர், அதாவது பாதிரியார், பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தது அட்டை பிய்ந்த நீளமான நோட்டு. இறந்த தேதி, அடக்கம் செய்த தேதி, பெயர், வயது, தொழில், எதனால் இறந்தார், எங்கே அடக்கம், அடக்கம் பண்ணியவர் கையெழுத்து என்று கட்டம் கட்டமாக இருந்தது. அரசு நகலில் மறைக்கிற காரணம் இதில் பச்சையாக எழுதியிருக்கும்: வாந்திபேதி, சுரம், பிரசவம். ஒரே வாரத்தில் வாந்திபேதி என்று ஏழெட்டு வரி தொடர்ந்து வருகிற பக்கங்கள் உண்டு, அதில் ஒரே வீட்டுக்காரர்கள் அடுத்தடுத்து இருப்பார்கள். தகப்பன் பெயருக்குக் கட்டமே கிடையாது. பெண்களுக்கு மட்டும் பெயரோடு 'இன்னார் பெண்சாதி' என்று எழுதியிருப்பார்கள், ஆகவே ஆண்களைவிடப் பெண்களை அடையாளம் காண்பது சுலபம் (வழக்கமாகக் காணாமல் போகிறவர்கள் அவர்கள்தான், இங்கே தலைகீழ்).

வயதை நம்பாதீர்கள். குழந்தைகளுக்கு மாதம், நாள் வரை சரியாக இருக்கும். பெரியவர்களுக்கு எல்லாம் 50, 60, 70 என்று உருட்டி எழுதியதுதான். அந்த வயதைக் கழித்துப் பார்த்து, முன்னும் பின்னும் பத்து வருஷம் விட்டு ஞானஸ்நானப் பதிவேட்டில் தேட வேண்டும். தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி, 1877-78 வாக்கில், திருநெல்வேலிச் சீமையில் ஏராளமான பேர் சபையில் சேர்ந்தார்கள். அப்படி வயது வந்தபின் ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு எங்கள் பதிவேட்டில் பழைய பெயரும் குறித்திருக்கிறது. அடக்க நோட்டில் யோவான் என்று இருந்தவர் இங்கே முத்துமாலை ஆகிவிட்டார். அந்தப் பெயர் கிடைத்த பிறகுதான் மதம் மாறாத பங்காளிகள் பக்கம் போய் விசாரிக்க முடிந்தது. அவர்களுக்கு யோவானைத் தெரியாது, முத்துமாலையைத் தெரியும்.

தேதிகளில் ஒரு வம்பு உண்டு. பழைய கையெழுத்தில் எண்கள் தமிழ் எண்களாகவே இருக்கும், பக்கத்தில் ௵, ௴, ௳ என்ற குறிகள் வரும்; முறையே வருஷம், மாதம், நாள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதித் தள்ளியிருப்பார்கள், இரண்டு பக்கம் படித்தால் கண் பழகிவிடும். தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் உஷார்: அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும், தாது என்றால் 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம். நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) போட்டிருப்பார்கள். அதோடு 824 கூட்டுங்கள், மார்கழி பாதிக்கு மேல் ஆடி முடிய என்றால் 825; ஆங்கில வருஷம் வரும். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 வரை திரு-கொச்சி (திருவிதாங்கூர்-கொச்சி) என்பதை மறந்துவிட்டுச் சென்னை ஆவணங்களில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

காகிதத்தில் பெயர் கிடைத்ததா, சரி, இப்போது கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று போவது உத்தமம். அன்றைக்கு ஒவ்வொரு கல்லறைக்கும் ஆள் இருக்கும், பூவும் மெழுகுவத்தியுமாக வந்திருப்பவரிடம் 'இது உங்களுக்கு யாரு?' என்று கேட்டால் போதும், ஒரு வம்சமே வந்து விழும். வருஷா வருஷம் வெள்ளையடித்து எழுத்துப் பள்ளமெல்லாம் மூடியிருக்கும். கம்பியால் சுரண்டாதீர்கள், கல் போய்விடும். வெயில் சாய்வாக விழுகிற காலை நேரத்திலோ, இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தோ பார்த்தால் எழுத்து தெரியும். சென்னை கீழ்ப்பாக்கம் மாதிரி இடம் இல்லாத தோட்டங்களில் ஒரே குழியைத் திறந்து அதே குடும்பத்தாரை அடக்கம் செய்கிறார்கள். அப்படிப்பட்ட கல்லில் உள்ள எல்லாப் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள், மருமகன் வீட்டுப் பெயர்கூட அதில் இருக்கும். இஸ்லாமியக் குடும்பம் என்றால் கபர்ஸ்தானில் மீசான் கல்லை (கபர்மேல் நடும் கல்) பாருங்கள், ஜமாஅத்தில் விசாரியுங்கள்.

எரிக்கிற குடும்பங்களுக்கு என்ன வழி? திதி கொடுக்கிறவரிடம் மாதமும் திதியும் இருக்கும், வருஷம் இருக்காது. வருஷத்துக்குப் பத்திரம்தான். 'இன்னார் குமாரர் இன்னார்' என்று எழுதுவதால் ஒவ்வொரு பத்திரமும் இரண்டு தலைமுறை; பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அண்ணன் தம்பி எல்லோரும் வந்துவிடுவார்கள், 'காலஞ்சென்ற' என்று யாருக்குப் போட்டிருக்கிறதோ அவர் அந்தத் தேதிக்கு முன்பே போய்விட்டார் என்று கணக்கு. மனைவி வீட்டில் ஒரு கிரயப் பத்திரத்தில் தோட்டத்தை விற்றபோது 'சமாதி இருக்கும் இடம் நீங்கலாக' என்று எழுதியிருந்தது. எரிக்கிற குடும்பத்தில் சமாதி எப்படி என்று கேட்டுப் போனதில், அது துறவியாகப் போன ஒரு சின்னத் தாத்தா என்று தெரியவந்தது. அவரைப் பற்றி வீட்டில் யாருமே பேசியதில்லை. கர்ப்பமாக இருந்தபோது இறந்த பெண்ணுக்காக வைத்த சுமைதாங்கிக் கல்லையும் விட்டுவிடாதீர்கள், சில கற்களில் அவள் பெயரும், வைத்தவர் பெயரும், வருஷமும் வெட்டியிருக்கும். பாதி கற்களை ரோடு அகலப்படுத்தும்போது பிடுங்கிப் போட்டுவிட்டார்கள், அது தனிக் கதை.

வீட்டில் யாராவது பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாமல் இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். உடல் எரிக்கப்பட்டவர்கள், கிடைக்காதவர்கள் பெயர்களை நினைவுச் சுவர்களில் பொறித்திருக்கிறார்கள். பர்மாவில் இறந்தவர்களுக்கு ரங்கூன் அருகே தவுக்கியானில் அப்படி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் இறந்த பலருக்கு அப்பா பெயர், அம்மா பெயர், மனைவி பெயர், ஊர், ஜில்லா எல்லாமே குறிப்பில் இருக்கிறது, நம்மூர் ஆவணம் எதுவும் ஒரே இடத்தில் இவ்வளவு தராது. தேடும்போது வெள்ளைக்காரன் எழுத்துக்கூட்டலில் தேடுங்கள்: திருநெல்வேலி என்று போட்டால் வராது, டின்னவெல்லி (Tinnevelly) என்று போடுங்கள், ராமநாதபுரத்துக்கு ராம்நாட் (Ramnad), திருச்சிக்கு ட்ரிச்சினோபொலி (Trichinopoly). ஆள் பெயரையும் நாலைந்து விதமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள், முத்துசாமிக்கு மட்டுமே அங்கே ஏகப்பட்ட எழுத்துக்கூட்டல் இருக்கிறது.