வங்கி மறுத்த பிறகும் தரகர் முன்கட்டணத்தைத் திருப்பித் தராதபோது

உங்கள் கடன் விண்ணப்பத்தை வங்கி மறுத்துவிட்டாலும், தரகர் முன்கட்டணமாக வாங்கிய 495 பவுண்டைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் தொலைபேசியில் வாதாடாமல், ‘முறைப்படியான புகார்’ என்ற தலைப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பிரிட்டனில் தரகர் 8 வாரங்களுக்குள் இறுதிப் பதில் தரவேண்டும். தராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மனிடம் (நிதிச் சேவைப் புகார்களைத் தீர்க்கும் அமைப்பு) கட்டணமின்றி முறையிடலாம். இறுதிப் பதில் வந்துவிட்டால் அதற்கு 6 மாதமே அவகாசம்.

தொடக்கத்தில் தந்த கட்டண விவரத் தாளில், ‘விண்ணப்பத்தின்போதே செலுத்தவேண்டும், திருப்பித் தரப்படாது’ என்ற வரி எங்கோ பொடி எழுத்தில் இருந்திருக்கும். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. அந்தத் தாள் வந்த தேதியையும் உங்கள் கணக்கிலிருந்து பணம் போன தேதியையும் ஒப்பிடுங்கள். பணம் முதலில் போயிருந்தால் உங்கள் பக்கம் வலுவானது.

கட்டணம் திருப்பித் தரப்படாது என்பதைத் தரகர் தெளிவாக முன்பே சொல்லி, விண்ணப்பத்தையும் அவர் உண்மையில் அனுப்பியிருந்தால், முழுத்தொகையை எதிர்பார்க்காதீர்கள். அவர் பெயர் எஃப்.சி.ஏ. (பிரிட்டனின் நிதிச் சேவை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவேட்டில் இருக்கிறதா என்பதையும் இன்றே பாருங்கள். அங்கீகாரமற்றவர் என்றால் ஆம்பட்ஸ்மன் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.