எக்ஸ்.ஆர்.என்.1 நீக்கியும் ஈஸ்ட் சாகவில்லையே: ஈரோட்டு மாணவருக்குப் பதில்

ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதியைத் தருகிற எக்ஸ்.ஆர்.என்.1 மரபணுவை நீக்கிய ஈஸ்ட் சாகாமல் மெதுவாக வளர்கிறது, நீக்கமே நடக்கவில்லையோ என்று கேட்டிருந்தீர்கள். அப்படி முடிவுகட்ட வேண்டாமுங்க. அந்த ஈஸ்ட் மெதுவாகத்தான் வளரும்.

தூது ஆர்.என்.ஏ. அழியும்போது முதலில் அதன் பின்முனையிலுள்ள (3' முனை) பாலி-ஏ வால் தேயும். அப்புறம் டி.சி.பி.2 என்ற நொதி தலையிலுள்ள (5' முனை) தொப்பியை வெட்டும். உடனே எக்ஸ்.ஆர்.என்.1 அந்த 5' முனையிலிருந்து கடித்துக்கொண்டே போகும். ஆனால் நம்ம கவுந்தப்பாடிக் கரும்பை எந்த முனையிலிருந்தும் தின்னலாமே! ஆர்.என்.ஏ.வும் அப்படித்தான். எக்ஸோசோம் என்ற புரதக் கூட்டு 3' முனையில் வாய் வைக்கும். உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் அதற்கு ஸ்கி புரதங்களின் துணை வேண்டும். அவற்றில் ஒன்றான ஸ்கி2-ஐயும் சேர்த்து நீக்கிப் பாருங்கள், இரண்டு வழியும் அடைபட்டு செல் பிழைக்காது. (எக்ஸ்.ஆர்.என்.1 போலவே 5' முனையிலிருந்து தின்னும், உட்கருவிலுள்ள ராட்1 நொதியின் கதை வேறு. அதை மட்டும் நீக்கினாலே போச்சு.)

சரி, நீக்கத்தை எப்படி உறுதி செய்வது? டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். போதும்தான். எனக்கு, ஆர்.என்.ஏ.வை நீளவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் நார்தர்ன் பிளாட்தான் பிடிக்கும். ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் 20எஸ் முன்னோடியை வெட்டி 18எஸ் ஆகும்போது ஐ.டி.எஸ்.1 என்ற இடைப்பகுதியில் 200 சொச்சம் நியூக்ளியோடைடு நீளத் துண்டு ஒன்று மிஞ்சும். அதைத் தின்பது எக்ஸ்.ஆர்.என்.1. அது இல்லாவிட்டால் துண்டு தேங்கி, தடித்த பட்டையாகத் தெரியும். பக்கத்துத் தடத்தில் நீக்காத ஈஸ்டையும் ஓட்டுங்கள். அதில் அந்த இடம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும்.