கொலோன் பேராலயத்தின் முன் என் மனம் ஏன் அசையவில்லை?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

ஜெர்மனியின் கொலோன் நகரில் முதுகலை படிக்கிறேன். இது இரண்டாவது செமஸ்டர். இங்கே ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே பேராலயம் கண்முன் நிற்கும். வந்து இறங்கிய அன்றே படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். கொடுத்து வைத்தவள் என்று எல்லோரும் பூரித்துப் போனார்கள். எனக்குத்தான் ஒன்றுமே தோன்றவில்லை.

பிறகு தோழிகளோடு பிராக், ரோம் என்று போய் வந்தேன். கொலோசியத்தின் முன் அவர்கள் பேச்சற்று நிற்கிறார்கள். என் மனத்தில் அடுத்த ரயிலின் நேரம் ஓடுகிறது. எத்தனையோ பேருக்குக் கிடைக்காத வாய்ப்பு கிடைத்தும் அதை வீணடிக்கிறேனே என்ற குற்ற உணர்ச்சி பிடுங்குகிறது. இப்போதெல்லாம் பேராலயத்தை நிமிர்ந்து பார்க்காமல் தலைகுனிந்தபடியே கடந்துவிடுகிறேன். படிப்பு ஒழுங்காகத்தான் போகிறது. என் மனம் மரத்துப் போய்விட்டதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வெளிநாட்டில் படிப்பவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் வருத்தம்தான் இது. வாய்விட்டுச் சொல்லத்தான் பலருக்கும் கூச்சம். நீங்கள் எழுதியது நல்லது.

உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். வந்து இறங்கிய அன்றே படம் அனுப்பினேன் என்கிறீர்கள். பெட்டியும் கையுமாக நின்றிருப்பீர்கள். சுற்றிலும் புரியாத மொழி, தங்கப்போகும் அறை எப்படி இருக்குமோ என்ற கவலை. அப்படிப்பட்ட நேரத்தில் மனம் காவலுக்கு நிற்கும், ரசிக்க வராது. பழகிய அடையாளங்கள் எல்லாம் ஒரே நாளில் கைவிட்டுப் போவதால் வரும் இந்தப் பதற்றத்தைத்தான் மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960-இல் 'பண்பாட்டு அதிர்ச்சி' என்று விளக்கினார். அது சில வாரங்களில் எல்லோருக்கும் ஒன்றுபோலத் தீர்ந்துவிடுவதில்லை.

இன்னொன்று, அந்தப் படம். அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று, சில பொருள்களைப் படம் எடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, முழுதாகப் படம் எடுத்த பொருள்களின் விவரங்கள் அவர்களுக்குக் குறைவாகவே நினைவிருந்தன. ஆனால் ஒரு பொருளின் ஏதாவது ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தபோது நினைவு அப்படிக் குறையவில்லை. எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் முக்கியமாகப் படுகிறது. சிறிய ஒன்றில் கவனம் குவிந்தால் மனமும் கூடவே வந்துவிடுகிறது.

157 மீட்டர் உயரத்தை ஒரே பார்வையில் யாராலும் விழுங்க முடியாது. அதனால் முழுப் பேராலயத்தையும் விட்டுவிடுங்கள். சுவர் ஓரமாகப் போய்க் கல்லைப் பாருங்கள். கரியேறிக் கறுத்த பழைய கல்லை ஒட்டியே, பின்னாளில் மாற்றிய கல் வெளிறித் தெரியும். புதியதன் விளிம்பு கூராக இருக்கும். பழையது மழையில் அரித்து மழுங்கியிருக்கும். 1248-இல் அடிக்கல் நாட்டிய கட்டடம் இது. 16-ஆம் நூற்றாண்டில் வேலை நின்றுபோனது. பாதியில் விட்ட தெற்குக் கோபுரத்தின் உச்சியில் மரத்தாலான பாரந்தூக்கி ஒன்று மட்டும் நூற்றாண்டுக் கணக்கில் நின்றது. அதைப் பார்த்தே வளர்ந்து, அதைப் பார்த்தே கண்மூடிய தலைமுறைகள் எத்தனை! 1842-இல் மறுபடி தொடங்கி 1880-இல்தான் முடித்தார்கள். 1943-இல் குண்டு விழுந்து வடக்குக் கோபுரத்தின் ஒரு மூலை பெயர்ந்தபோது, கோபுரம் சரியாமல் இருக்க அவசர அவசரமாகச் செங்கல் வைத்து அடைத்தார்கள். கல்லால் மூடும் வேலை 2005-இல் முடியும்வரை அந்த ஒட்டு வெளியே தெரிந்தது. இன்றும் பேராலயத்துக்கென்றே கல்தச்சர் பட்டறை ஒன்று இயங்குகிறது.

வெயில் அடிக்கும் ஒரு நண்பகலில் உள்ளே போய்த் தெற்குச் சாளரத்தின் அருகில் உட்காருங்கள். ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் வடிவமைத்து 2007-இல் வைத்தது. புனிதர் உருவம் எதுவும் அதில் இல்லை. 72 நிறங்களில் சின்னச் சின்னச் சதுரக் கண்ணாடிகள். தரையிலும் தூண்களிலும் விழும் நிறங்கள் மெல்ல நகர்வதைப் பாருங்கள். போனை எடுக்காதீர்கள். யாருக்கும் எதையும் சொல்ல வேண்டாம். ஒன்றும் தோன்றாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்த வாரம் மறுபடி போகலாம். ரயிலைப் பிடிக்க ஓடும் சுற்றுலாப் பயணிக்கு இந்த வசதி கிடையாது. அந்த ஊரில் வாழ்கிற உங்களுக்கு இருக்கிறது.

குற்ற உணர்ச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய்ப்பு கிடைத்தவர் எப்போதும் நெகிழ்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது உங்கள்மேல் ஏற்றப்பட்ட சுமை. தோழிகளின் வியப்பை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். சிலருக்குக் கண்டவுடன் உள்ளம் பொங்கும், சிலருக்குப் பழகப் பழகத்தான் பிடிக்கும். அடுத்த பயணத்துக்கு அழைத்தால், களைப்பாக இருக்கிறது என்று தயங்காமல் மறுத்துவிடுங்கள். வீட்டில் யாராவது ஒருவரிடமாவது, இங்கே எல்லா நாளும் இனிமையாகப் போவதில்லை என்று சொல்லிப் பாருங்கள். கடிதம் முழுவதும் கட்டடங்களைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தனிமையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஆகவே ஒன்று கேட்கிறேன். முன்பு பிடித்த பாட்டு, பேச்சு, சாப்பாடு இவற்றிலும் ஈடுபாடு போய்விட்டதா? தூக்கமோ பசியோ மாறியிருக்கிறதா? இந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். பேராலயத்துக்குப் போய் வருவது அதற்கு மருந்தாகாது. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு உளவியல் ஆலோசனை உண்டு; ஆங்கிலத்தில் பேசலாமா என்று கேட்டு, தேர்வுக் காலம் நெருங்குவதற்குள் நேரம் பதிவு செய்துவிடுங்கள். போய் வந்த பிறகு எனக்கும் எழுதுங்கள்.