பெண்டுல ஹேண்டிலை எந்தப் பக்கம் தள்ளணும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: அண்ணா, லெஃப்ட்ல திரும்ப லெஃப்ட் ஹேண்டிலைத் தள்ளணும்னு சொல்றாங்க. நான் பல வருஷமா உடம்பைச் சாய்ச்சுத்தான் திருப்புறேன், நல்லாத்தானே போகுது?

நீங்களும் தள்ளிக்கிட்டுத்தான் இருக்கீங்க தம்பி, கவனிக்கல அவ்ளோதான். உடம்பு இடதுபக்கம் சாயும்போது இடது கை தானாவே கிரிப்பை முன்னாடி அமுக்குது, வண்டியைத் திருப்புறது அந்த அமுக்குதான். அமுக்கினதும் முன் வீல் கண்ணுக்கே தெரியாத அளவு வலதுபக்கம் திரும்பும், டயர் ரோட்டைத் தொடுற இடம் வலதுபக்கமா விலகிடும், மேல இருக்கிற வெயிட்டைத் தாங்க நேர் கீழ ஒண்ணும் இல்லாததால வண்டி இடதுபக்கம் சாயும், சாஞ்சப்புறம் வீல் தானாவே இடதுபக்கம் திரும்பிக்கும்.

இது புதுசும் இல்ல. ஏரோப்ளேன் செஞ்ச வில்பர் ரைட் சைக்கிள் கடை வச்சிருந்தவரு, எப்படிப்பா திருப்புறீங்கன்னு சைக்கிள் ஓட்டுற நிறைய பேரைக் கேட்டிருக்காரு, முதல் தடவையிலயே முழுசா சரியாச் சொன்னவன் ஒருத்தன்கூட இல்லையாம். அமெரிக்காவுல ரைடிங் ஸ்கூல் நடத்துற கீத் கோட், ஃப்ரேமோட அசையாம மாட்டின ரெண்டாவது ஹேண்டில் வச்சு ஒரு பைக்கே செஞ்சாரு, அதைப் புடிச்சுக்கிட்டு உடம்பை என்னதான் வளைச்சாலும் வண்டி லேசா ஒதுங்குமே ஒழிய ஒழுங்கா ஒரு பெண்டு போடாது.

காலி ரோட்டுல 40ல நேரா போய்க்கிட்டே ஒரு பக்கம் உள்ளங்கையால லேசா அமுக்கிப் பாருங்க. லேசான்னா லேசாத்தான்.

கே: அப்போ கொல்லிமலை ஹேர்பின்லயும் இதே டெக்னிக்தானா?

இல்ல. அங்க இருக்கிற 70 கொண்டை ஊசி வளைவுல பாதிக்கு மேல ஃபர்ஸ்ட் கியர் வேகம்தான். அந்த வேகத்துல திரும்புற பக்கமே ஹேண்டிலை ஒடிக்கணும், வண்டியைச் சாய்ச்சுட்டு நீங்க நிமிர்ந்து உட்காரணும், த்ராட்டிலை சீரா வச்சுக்கிட்டு பின் பிரேக்கால வேகத்தைப் புடிச்சு வைக்கணும். ஏறும்போது லெஃப்ட் ஹேர்பின்தான் நிறைய பேரை கீழ போடும், ஏன்னா நம்ம ஊர்ல இடதுபக்கம் போறதால அதோட உள்பக்கம், அதாவது இருக்கிறதுலயே செங்குத்தான இடம், நம்ம தலையில விழும். நம்ம லேனுக்குள்ளயே கொஞ்சம் அகலமா போய், முடியுற இடத்தைத் தலையைத் திருப்பிப் பார்த்துட்டு அப்புறம் திருப்புங்க. மேலருந்து பஸ் வந்தா முழு ரோடும் அவருக்குத்தான் வேணும். ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும்னு ரூல் இருக்கு, வாஸ்தவம்தான், இருந்தாலும் கீழயே நின்னுடுங்க.

கே: பெண்டு நடுவுல பயந்து பிரேக் புடிச்சா வண்டி நேரா எதிர் லேனுக்குப் போகுது. பிரேக் புடிச்சா வீல் பூட்டிக்காம பார்த்துக்கிற ஏபிஎஸ் இருந்தும் ஏன்?

சாஞ்சிருக்கும்போது முன் பிரேக்கைப் புடிச்சா வண்டி நிமிரப் பார்க்கும், நிமிர்ந்தா வளைவு விரிஞ்சுடும். சாதா ஏபிஎஸ்ஸுக்கு வீல் சுத்துற வேகம்தான் தெரியும், வண்டி எவ்ளோ சாஞ்சிருக்குன்னு தெரியாது. 2019 ஏப்ரல்லருந்து 125 சிசிக்கு மேல எல்லா புது வண்டிக்கும் ஏபிஎஸ் கட்டாயம்னாலும் நிறைய வண்டியில அது முன் வீலுக்கு மட்டும்தான். சாய்வையும் கணக்குல எடுக்கிற கார்னரிங் ஏபிஎஸ் கேடிஎம் 390 அட்வென்ச்சர் மாதிரி சில வண்டியிலதான் இருக்கு.

அதனால பிரேக், கியர் எல்லாம் நேரா இருக்கும்போதே முடிச்சுடுங்க. அதையும் மீறி வேகமா உள்ள போயிட்டீங்கன்னா லாரியைப் பார்க்காதீங்க, பார்க்கிற இடத்துக்குத்தான் வண்டி போகும், பெண்டு முடியுற இடத்தைப் பார்த்து உள்பக்க கிரிப்பை இன்னும் கொஞ்சம் அமுக்குங்க, டயர் பெரும்பாலும் தாங்கும், நம்ம மனசுதான் முதல்ல கையை விடுது. மணலோ ஜல்லியோ கிடந்தா இந்தக் கணக்கு செல்லாது.

கே: வெறும் 10 கிமீ கூடினா அவ்ளோ வித்தியாசமா?

சாய்வு வேகத்தோட வர்க்கத்தைப் பொறுத்து கூடும். 20 மீட்டர் ஆரம் உள்ள வளைவை 40ல போட்டா சுமார் 32 டிகிரி சாயணும், 50ல போட்டா 44க்கு மேல. முதலாவது சாதாரண ரைடிங், ரெண்டாவதுல நிறைய வண்டிக்கு ஃபுட்ரெஸ்ட் உரசிடும்.

கே: முட்டி தரையில உரசணும் ப்ரோ, எப்படி?

ட்ராக்ல போய் உரசுங்க. மலை ரோட்டுல ரைட் பெண்டுல அப்படிச் சாஞ்சா டயர் நம்ம லேன்ல இருக்கும், தலை எதிர்ல வர்றவன் லேன்ல இருக்கும்.

கே: மனைவி பின்னாடி உட்கார்ந்தா பெண்டுல எதிர்ப்பக்கமா சாயுறாங்க, என்ன பண்ண?

திரும்புற பக்கத்துத் தோளுக்கு மேல ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்க, உடம்பு தானா சரியா வந்துடும். பின் டயர் காத்தும் சஸ்பென்ஷனும் ரெண்டு பேர் வெயிட்டுக்கு ஏத்த மாதிரி வச்சிருக்கீங்களா, அதைப் பாருங்க முதல்ல. அப்புறம் நீங்க கொஞ்சம் மெதுவாப் போனா அவங்க ஏன் எதிர்ப்பக்கம் சாயப் போறாங்க!