சாமான்களோடு வீடா, வெறும் வீடா? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வாடகை பற்றித்தான். பக்கத்துப் பக்கத்து நகரங்களில் வாடகை ஏன் இப்படி மாறுகிறது, ஃபர்னிஷ்டு வீட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது கட்டுப்படியாகுமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். ஊருக்கு ஊர் பணமும் வாடகையும் வேறு என்பதால், கணக்குக்கு வெறும் வீட்டின் மாத வாடகையை 100 என்று வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் எண்ணை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: புது வேலைக்காக வேறு நகரத்துக்குப் போகிறேன். ஒரே கட்டடத்தில் இரண்டு பிளாட், அளவும் ஒன்றுதான். கட்டில், மெத்தை, பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் இருக்கிற வீட்டுக்கு வாடகை கால் பங்கு அதிகம். எதை எடுப்பது?

எத்தனை மாதம் இருக்கப் போகிறீர்கள் என்று எழுதவே இல்லையே! அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

சாமான் உள்ள வீடு 125, இல்லாதது 100. வித்தியாசம் மாதம் 25. அந்தச் சாமான்களை நீங்களே புதிதாக வாங்க நாலு மாத வாடகை, அதாவது 400 ஆகிறது என்று வையுங்கள். காலி செய்யும்போது விற்றால் கையில் 100 வரும் (பழைய மெத்தையை யாரும் வாங்க மாட்டார்கள், ஃபிரிட்ஜுக்கு மட்டும் ஏதோ கிடைக்கும்). ஆக உங்களுக்குப் போவது 300. அதை 25ஆல் வகுத்தால் 12 மாதம். ஒரு வருஷத்துக்குள் கிளம்பிவிடுவீர்கள் என்றால் சாமான் உள்ள வீடு லாபம், இரண்டு வருஷம் இருப்பீர்கள் என்றால் வெறும் வீடுதான். ஏற்றுக்கூலி, வேன் வாடகை எல்லாம் சேர்த்தால் இந்த 12 இன்னும் ஒன்றிரண்டு மாதம் தள்ளிப்போகும். ஏற்கெனவே உங்களிடம் பாதி சாமான் இருந்தால் கணக்கு தலைகீழாக மாறி, ஐந்தாறு மாதத்திலேயே வெறும் வீடு முந்திவிடும்.

தகுதிகாண் காலம் முடியும் வரை வேலை நிலைக்குமா என்று தெரியாதவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, முதல் ஆறு மாதம் சாமான் உள்ள வீட்டில் இருங்கள். அந்தக் கூடுதல் 25ஐ நஷ்டமாக நினைக்காதீர்கள், நினைத்த நேரத்தில் கிளம்பும் சுதந்திரத்துக்குக் கொடுக்கிற விலை அது. ஆனால் ஒப்பந்தத்தில் அந்தச் சுதந்திரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபர்னிஷ்டு வாடகையும் கொடுத்து, பதினொரு மாதம் காலி செய்யக் கூடாது என்ற நிபந்தனைக்கும் கையெழுத்துப் போட்டால் இரண்டு பக்கமும் உங்களுக்குத்தான் அடி.

கேள்வி: எங்கள் நகரத்தில் சராசரி வாடகை ஒரே வருஷத்தில் 14 சதவீதம் ஏறிவிட்டது என்று செய்தி. என் வீட்டு ஓனரும் அதைக் காட்டி ஏற்றச் சொல்கிறார். அக்கம்பக்கத்தில் யாருக்கும் அவ்வளவு ஏறவில்லை. எது உண்மை?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம்!

ஒரு நகரத்தில் 100 வீடுகள் வாடகைக்கு வருகின்றன. அதில் 80 வெறும் வீடு, தலா 100. மீதி 20 சாமான் உள்ளவை, தலா 150. சராசரி 110. அடுத்த வருஷம் ஒரு வீட்டுக்கும் வாடகை ஏறவில்லை, ஆனால் விளம்பரத்துக்கு வந்ததில் 50 வெறும் வீடு, 50 சாமான் வீடு. இப்போது சராசரி 125. ஏறத்தாழ 14 சதவீத உயர்வு! ஒரு குடித்தனக்காரர்கூட ஒரு காசு அதிகமாகக் கொடுக்கவில்லை, கலவை மட்டும்தான் மாறியிருக்கிறது. உங்கள் ஊரில் இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தச் சராசரியைப் பார்த்தாலும் அது எந்த வகை வீடுகளின் சராசரி என்று கேட்காமல் நம்பாதீர்கள்.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றமும் உண்டு. சில நகரங்களில் ஃபர்னிஷ்டு வீட்டின் சராசரி வெறும் வீட்டைவிடக் குறைவாகத் தெரியும். காரணம் சாதாரணமானது: சாமான்களோடு வருவதில் பெரும்பாலானவை ஒற்றை அறை, சின்ன வீடு. வெறும் வீடுகள் குடும்பத்துக்கான பெரிய வீடுகள். மொத்த வாடகையை விட்டுவிட்டு சதுர அடிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள், அப்போதுதான் எது அதிகம் என்று தெரியும். சராசரியோடு நடு எண்ணையும், அதாவது பாதி வீடுகள் அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் இருக்கிற வாடகையையும் எங்காவது கொடுத்திருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து சொகுசு வீடுகள் சராசரியை மேலே இழுத்துவிடும், நடு எண்ணை அவ்வளவு சுலபமாக அசைக்க முடியாது.

ஓனரிடம் பேசும்போது இந்தக் கணக்கையே சொல்லுங்கள். உங்கள் தெருவில், உங்கள் வீட்டளவு, அதே வகை வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்பது மட்டும்தான் உங்கள் இருவருக்கும் பொருந்தும்.

கேள்வி: ஒரு வாரமாக வாடகை விளம்பரங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாமே எட்டாத உயரத்தில் இருக்கிறது. உண்மையிலேயே இவ்வளவுதானா?

நீங்கள் பார்ப்பது ஓனர் கேட்கிற வாடகை. முடிகிற வாடகை வேறு. இன்னொரு விஷயமும் இருக்கிறது. நியாயமான வாடகைக்கு வந்த வீடு இரண்டு நாளில் போய்விடும், அதன் விளம்பரமும் மறைந்துவிடும். விலை அதிகமான வீடு மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். எந்த நாளில் பார்த்தாலும் பட்டியலில் இந்த விலைபோகாத வீடுகள்தான் கூட்டமாக நிற்கும். அதனால் விளம்பரம் போட்ட தேதியைப் பாருங்கள். சமீபத்தில் வந்தவற்றை மட்டும் தனியாகக் குறித்துவையுங்கள், அதில் எவை சீக்கிரம் காணாமல் போகின்றன என்று கவனித்தால் சந்தை நிலவரம் பிடிபட்டுவிடும். நாற்பது நாளாகக் கிடக்கிற வீட்டின் ஓனரிடம் தைரியமாகக் குறைத்துக் கேட்கலாம்.

கேள்வி: பக்கத்து நகரத்தில் வாடகை ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே குடியேறி இங்கே வேலைக்கு வரலாமா?

மிச்சமாகும் 20ஐ எழுதிக்கொள்ளுங்கள். அதிலிருந்து மாதப் பயணச் செலவைக் கழியுங்கள், வேலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும். மீதியைக் கூடுதலாகப் பயணத்தில் போகும் மணி நேரங்களால் வகுத்தால், ஒரு மணி நேரத்தை என்ன விலைக்கு விற்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். அந்த எண்ணைப் பார்த்து மனசு ஒப்பினால் போங்கள்.

நகர மையத்திலிருந்து தள்ளிப்போகப் போக வாடகை குறைவதே, பயணச் செலவையும் நேரத்தையும் அங்கே இருப்பவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள் என்பதால்தான். மனிதர்கள் எந்தக் காலத்திலும் தினசரிப் பயணத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள் என்று 1994இல் இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி எழுதினார். போக வர சேர்த்து ஒரு மணி. அதற்குள் அடங்கினால் பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடும், இரண்டு மணியைத் தாண்டினால் வீட்டில் மற்ற எல்லாமும் அதற்கேற்ப வளைய வேண்டியிருக்கும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் போனால் போதும் என்பவர்களுக்கு இந்தக் கணக்கு மொத்தமாக மாறும். புதிதாக ரயில் பாதையோ விரைவுச் சாலையோ வந்தால் அந்த வாடகை வித்தியாசமும் சுருங்கத் தொடங்கும், அதனால் நீண்ட ஒப்பந்தம் கிடைத்தால் அங்கே விடாதீர்கள்.

கேள்வி: ‘ஃபர்னிஷ்டு’ என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். உள்ளே ஒரு கட்டிலும் ஒரு ஃபேனும்தான். இதற்கு ஏதாவது வரையறை உண்டா?

நாட்டுக்கு நாடு வேறு. பிரான்ஸில் 2015இல் அரசாணையே போட்டிருக்கிறார்கள்: போர்வையோடு படுக்கை, படுக்கையறை ஜன்னலை இருட்டாக்கும் திரை, அடுப்பு, ஓவன் அல்லது மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ், தட்டு முதல் பாத்திரம் வரை, மேஜை நாற்காலி, அலமாரி, விளக்கு, வீடு கூட்டுகிற சாமான் என்று பட்டியலே இருக்கிறது. அங்கே ஃபர்னிஷ்டு வீட்டு ஒப்பந்தம் பொதுவாக ஒரு வருஷம், வெறும் வீட்டுக்கு மூன்று வருஷம். அட்வான்ஸும் ஃபர்னிஷ்டுக்கு இரண்டு மாதம் வரை கேட்கலாம், வெறும் வீட்டுக்கு ஒரு மாதம்தான். ஜெர்மனியிலோ வெறும் வீடு என்றால் சமையலறை அலமாரியும் சிங்க்கும்கூட இல்லாமல் கொடுப்பது வெகு சாதாரணம். ஆக வெறும் வீட்டு வாடகையை ஒரு நாட்டோடு இன்னொரு நாட்டை ஒப்பிடுவதே சிக்கல்.

வரையறை இல்லாத இடத்தில் அந்தச் சொல்லை நம்பாதீர்கள். ஒவ்வொரு சாமானையும் ஒப்பந்தத்தோடு எழுதி வாங்குங்கள், பழுதானால் யார் செலவு என்பதும் அதில் வர வேண்டும். கையெழுத்துக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, மின்கட்டணம் உங்கள் தலையில். வாஷிங் மெஷின் முன்பக்கம் திறப்பதாக இருந்தால் வாய் ரப்பரின் மடிப்பை விரித்துப் பாருங்கள், கறுப்பாகப் பூஞ்சை தெரியும். மெத்தையின் நாலு ஓரத் தையலையும் தூக்கிப் பார்க்க வேண்டும். அங்கே மிளகுத்தூள் சிந்தியது போலக் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி, அந்த வீட்டை அப்படியே விட்டுவிடுங்கள். வாடகையைக் குறைத்தாலும் வேண்டாம். அப்புறம் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து ஓனருக்கும் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளில் பழைய கீறலுக்கு அட்வான்ஸில் கைவைக்கிற பிரச்சினை அதிகம் வருவது சாமான் உள்ள வீடுகளில்தான்.

கேள்வி: நான் ஓனர். சாமான் வாங்கிப் போட்டால் வாடகை கூடும் என்கிறார் புரோக்கர். செய்யலாமா?

புரோக்கர் சொல்வது மாத வாடகை. நீங்கள் வருஷ வரவைப் பாருங்கள். வெறும் வீடு, குடும்பம் நிலையாக இருக்கிறது: 100 வீதம் வருஷத்துக்கு 1200. சாமான் போட்டால் 125, ஆனால் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். நடுவில் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் வரவு 1250. 400க்கு வாங்கிய சாமான் ஐந்து வருஷம் உழைக்கும் என்றால் வருஷத்துக்கு 80 கழியுங்கள், 1170தான் மிஞ்சும். வெறும் வீட்டைவிடக் குறைவு! ஒரு மாதம் மட்டும் காலியாக இருந்தால் 1295. ஆக உங்கள் முடிவு வாடகையைவிட அந்தக் காலி மாதங்களைப் பொறுத்தது. கல்லூரி, மருத்துவமனை, பெரிய அலுவலகங்கள் நடந்துபோகும் தூரத்தில் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் இருக்கிற குடித்தனக்காரரைத் தக்கவைத்துக்கொள்வதுதான் லாபம்.

இன்னொன்று. ஃபர்னிஷ்டு வாடகை சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். 2020இல் பயணங்கள் நின்றபோது, சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டுவந்த வீடுகள் பல பெருநகரங்களில் சாமான்களோடு மாத வாடகைச் சந்தைக்கு வந்து குவிந்தன, நகர மையங்களில் வாடகை சரிந்தது. வீட்டுக் கடன் தவணையை அந்த வாடகையை நம்பி வைத்திருந்தால் அது தாங்குமா என்று யோசித்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: எந்த மாதத்தில் வீடு தேடினால் குறைவாகக் கிடைக்கும்?

கல்வியாண்டு தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மாதங்களைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள், எல்லாரும் அப்போதுதான் தேடுவார்கள். வகுப்புகள் தொடங்கிச் சில வாரம் கழித்தும் காலியாக இருக்கிற ஃபர்னிஷ்டு வீடு இருந்தால் அங்கே பேரம் பேசுங்கள். வாடகையில் இறங்காத ஓனர்கூட முதல் பதினைந்து நாள் வாடகையை விட்டுக்கொடுப்பதற்கோ மெத்தையை மாற்றித் தருவதற்கோ அந்த நேரத்தில் சம்மதிப்பார்.