குடையா, க்ரீமா? வெயிலில் அலைபவர்கள் கேட்டவை

திருநெல்வேலியில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். வெயிலைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றதற்கு வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டேன். ‘எந்தக் கம்பெனி சன்ஸ்கிரீன் க்ரீம் நல்லது?’ என்று மட்டும் கேட்டவர்கள் ஏராளம். பெயர் சொல்லப் போவதில்லை. ட்யூபில் எதைப் படிக்க வேண்டும் என்று சொல்கிறேன், அது போதும்.

கேள்வி: அக்கா, சென்னையில் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். க்ரீம் போட்டால் அரை மணியில் வியர்வையோடு வழிந்து கண் எரிகிறது. மணிக்கட்டுக்குக் கீழே கை வேறு யாருடையதோ மாதிரி கருத்துக் கிடக்கிறது.

தம்பி, முதலில் துணிக்கடைக்குப் போங்கள், மருந்துக்கடை அப்புறம். நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டைக்கு ஈடான க்ரீம் கிடையாது. வியர்த்தாலும் வழியாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசவும் வேண்டாம். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் வெயிலும் அதே வழியில் உள்ளே வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தி பனியன் துணிதான் இதில் கடைசி. வியர்வையில் நனைந்துவிட்டால் இன்னும் மோசம்.

சிக்னலில் விற்கும் கை உறை நல்லதுதான், ஆனால் பல உறைகள் மணிக்கட்டோடு நின்றுவிடுகின்றன. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும்போது நாள் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது புறங்கைதான். கட்டைவிரலை நுழைக்க ஓட்டை வைத்த உறையாகப் பார்த்து வாங்குங்கள், புறங்கையும் மூடிவிடும். ஹெல்மெட்டின் முன்கண்ணாடி பாலிகார்பனேட்டாக இருந்தால், நிறமே இல்லாததுகூட புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். அதை மேலே தூக்கிவிட்டு ஓட்டுவதுதான் நம் ஊர் வழக்கம், என்ன செய்ய!

க்ரீம் மூக்கு, கன்னம், காது, பின்கழுத்துக்கு மட்டும் போதும். நெற்றியில் வேண்டாம், கண்ணுக்கு அங்கிருந்துதான் வழிகிறது. அந்த இடத்தை ஹெல்மெட் எப்படியும் மறைத்துவிடும். ஜிங்க் ஆக்சைடு உள்ள ஸ்டிக் வகை கண்ணை அவ்வளவாக எரிக்காது.

கேள்வி: சன்ஸ்கிரீன் எல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு. கருப்புத் தோலுக்கு எதற்கம்மா இந்தச் செலவு? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

ஐயா, நீங்கள் சொல்வதில் பாதி சரி. நன்றாகக் கருத்த தோலின் மேலடுக்கே சுமார் எஸ்.பி.எஃப் (ட்யூபில் போட்டிருக்கும் வெயில் காப்பு எண்) 13 அளவுக்குக் காக்கிறது என்று 1979இல் ஓர் ஆய்வில் அளந்தார்கள். வெள்ளைத் தோலுக்கு அது 3 சொச்சம்தான். நம் மாநிறம் இரண்டுக்கும் நடுவே. ஆஸ்திரேலியாவில் 1981 முதல் ‘சட்டை போடு, க்ரீம் பூசு, தொப்பி வை’ என்று பிரச்சாரம் செய்தார்கள் என்றால், அங்கே தோல் புற்றுநோய் அவ்வளவு. அந்தப் பயத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்து விற்பது வியாபாரம். நம்மவர்களுக்கு அரிதாக வரும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்தடியிலோதான் வருகிறது, வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரலில் வந்தது இந்த வகைதான். காலில் புதிதாகக் கருந்திட்டு வந்து பரவினால் தயவுசெய்து காட்டுங்கள், அதை எந்த க்ரீமும் தடுக்காது.

மீதிப் பாதிக்கு வருகிறேன். நம் தோல் எளிதில் சிவந்து எரியாது, ஆனால் சின்னக் காரணம் கிடைத்தாலும் கருத்துவிடும். மங்கு, பரு போன இடத்தில் நிற்கும் கருமை, கொசு கடித்த தடம் எல்லாமே வெயில் பட்டால் மாதக்கணக்கில் போகாது. வெண்புள்ளி உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் தோலுக்கு நிறம் தரும் மெலனினே கிடையாது, வெள்ளைக்காரர்களைவிடச் சீக்கிரம் வெந்துபோகும். அவர்களுக்கு சன்ஸ்கிரீன் கட்டாயம். உங்களுக்கு? குடையும் முழுக்கைச் சட்டையும் போதும் ஐயா.

கேள்வி: கருப்புக் குடை சூட்டை இழுக்கும் என்று வெள்ளைக் குடை வாங்கினேன். சரிதானா?

கருப்புத் துணி சூடாகும், உண்மைதான். ஆனால் சூடாவது குடைத்துணி. நெருக்கமான கருப்புக் குடை 90 சதவீதத்துக்கும் மேல் புற ஊதாக் கதிரை நிறுத்திவிடும், வெள்ளையில் அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது. ஒன்று மட்டும்: கதிர் சூரியனிலிருந்து நேராக மட்டும் வருவதில்லை, வானம் முழுவதிலிருந்தும் சிதறி வருகிறது, தரையிலிருந்தும் திரும்புகிறது. கடற்கரையில் குடைக்குக் கீழே படுத்தவர்கள் கருத்துப்போய் எழுவது அதனால்தான்.

கேள்வி: எஸ்.பி.எஃப் 30, 50, 100... விலைதான் வித்தியாசமா?

30 என்றால் சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் 98. கணக்கு அவ்வளவுதான். ஆனால் இந்த எண்ணைச் சோதனைக்கூடத்தில் எடுக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். வீட்டில் நாம் பூசுவது அதில் கால்வாசி, மிஞ்சினால் பாதி. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை ஒரு கோடு பிதுக்கினால் எவ்வளவு வருமோ, அது முகத்துக்கும் கழுத்துக்கும் ஒருவேளைக்கு. ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆக, தினம் ஒருவேளை பூசினாலே 50 கிராம் ட்யூப் ஒன்றரை மாதத்தில் தீர வேண்டும். தீபாவளிக்கு வாங்கியது சித்திரைத் திருவிழா வரை வருகிறது என்றால் நீங்கள் பூசிக்கொண்டிருப்பது வாசனை. குறைவாகத்தான் பூசுவேன் என்பவர்கள் 50ஏ வாங்கிக்கொள்ளுங்கள், 100க்குக் காசு போட வேண்டாம்.

எஸ்.பி.எஃப் சொல்வது முக்கியமாக யு.வி.பி என்ற வகைப் புற ஊதாக் கதிரைப் பற்றி. கருமைக்கும் சுருக்கத்துக்கும் பெரிய பங்கு யு.வி.ஏ என்ற இன்னொரு வகைக்கு உண்டு. அதற்கு பி.ஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி என்று பாருங்கள், குறைந்தது மூன்று இருக்கட்டும்.

கேள்வி: ஊட்டிக்கு மூன்று நாள் போய்வந்தோம். வெயிலே இல்லை, ஆனால் குடும்பமே கருத்துத் திரும்பியிருக்கிறோம்.

நமக்கு உறைப்பது சூடு, கருக்குவது வேறு கதிர். ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் புற ஊதா ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே. குளிர்கிறது என்று நிழலைத் தேடாமல் படகு, தோட்டம் என்று நாள் முழுக்க வெளியிலேயே இருந்திருப்பீர்கள். மெல்லிய மேகம் பெரிதாக எதையும் தடுப்பதில்லை.

இதே குழப்பம் சமவெளியிலும் உண்டு. சூடு உச்சத்துக்குப் போவது பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு. புற ஊதா உச்சம் பன்னிரண்டைத் தாண்டியதும். சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும். கத்தரி தொடங்கட்டும், தொப்பியை எடுக்கலாம் என்று காத்திருப்பவர்கள் கவனிக்க.

கேள்வி: சன்ஸ்கிரீன் போட்டால் விட்டமின் டி குறையாதா? அம்மா தினமும் காலை ஏழு மணி வெயிலில் நிற்கச் சொல்கிறார்.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: விட்டமின் டி தயாரிக்கும் யு.வி.பி கதிர் காலை ஏழு மணிக்கு மிகமிகக் குறைவு. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் அது போதிய அளவுக்கு இறங்கும். காலை நடை மற்ற எல்லாவற்றுக்கும் நல்லது, நிறுத்த வேண்டாம். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் யு.வி.பி வராது, ஆனால் யு.வி.ஏ வந்துவிடும். அதாவது விட்டமின் டி கிடைக்காது, கருமை மட்டும் கிடைக்கும். சன்ஸ்கிரீனைப் பொறுத்தவரை, நாம் பூசுகிற லட்சணத்துக்கு அது விட்டமின் டியைப் பெரிதாகக் குறைப்பதில்லை. சந்தேகமிருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து மாத்திரை எடுப்பது சுலபம்.

கேள்வி: மேடம், 38 வயது. இரண்டு கன்னத்திலும் மங்கு. மெடிக்கலில் கொடுத்த க்ரீமில் ஒரு மாதம் பளிச்சென்று இருந்தது. நிறுத்தினால் சிவந்து எரிகிறது, மங்கு முன்பைவிட அதிகம்.

அந்த ட்யூபில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மோமெட்டசோன் என்று மூன்று பெயர் இருக்கக்கூடும். கடைசி ஸ்டீராய்டு. மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்களுக்கு மட்டும் போட வேண்டிய மருந்து அது. சிவப்பழகு க்ரீம் மாதிரி மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும், பரு வரும், முகத்தில் முடி வளரும், வெயில் பட்டாலே எரியும். இதை நான் வாரத்தில் பல முகங்களில் பார்க்கிறேன், கோபம்தான் வருகிறது. நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். தோல் மருத்துவரிடம் ட்யூபையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், படிப்படியாக விடுவிப்பார்.

மங்குக்கு வெயிலிலிருந்து காப்பதே பாதி வைத்தியம். இங்கே சாதாரண சன்ஸ்கிரீன் முழுதாக உதவாது, ஏனென்றால் நம் நிறத் தோலைக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கருக்குகிறது. அதைத் தடுப்பது அயர்ன் ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்தில் இருக்கும் டின்டட் வகை. வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் தெரியாது என்பது கூடுதல் வசதி. காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை. வெளியே போனால் குடை.

கேள்வி: எலுமிச்சைச் சாறு, குளியல் பொடி, தேங்காய் எண்ணெய்... இயற்கையாக எதுவுமே இல்லையா?

நிழல் இருக்கிறதே! எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போகவே போகாதீர்கள். அதிலுள்ள ஒரு வேதிப்பொருள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுவிடும். சாறு வழிந்த கோட்டிலேயே கொப்புளம் வந்து, பிறகு கருங்கோடாக நிற்கும். குளியல் பொடியில் சேர்க்கும் கார்போகரிசியிலும் அதே குடும்பத்துப் பொருள் உண்டு. வெண்புள்ளிக்கு அதை மருந்தாகப் பயன்படுத்துவதே இந்தக் குணத்துக்காகத்தான். தேய்த்து நன்றாகக் கழுவிவிட்டால் பெரிய பயமில்லை. அரைத்துப் பூசி ஊறவிட்டு மாடியில் துணி காயப்போடப் போவதுதான் வம்பு. தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்கு நல்லது, வெயிலைத் தடுக்க அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: தூத்துக்குடியில் அம்மா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். க்ரீம் வாங்கிக் கொடுக்கலாமா?

காசை முதலில் கண்ணுக்குச் செலவழியுங்கள். சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு என்று உப்பளத்துப் பெண்கள் ஏற்கெனவே செய்துகொள்ளும் ஏற்பாடு எந்த க்ரீமையும்விட உசத்தி. ஆனால் கண் திறந்தே இருக்கிறது, கீழே வெள்ளை வெளேரென்று உப்பு, பக்கத்தில் பாத்தித் தண்ணீர். இந்தக் கூச்சம் வருடக்கணக்கில் பட்டால் கண்ணில் சதை வளரும், புரையும் சீக்கிரம் வரும். யு.வி. 400 என்று போட்ட, பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி வாங்குங்கள். வெறும் கருப்புப் பிளாஸ்டிக் வேண்டாம், இருட்டில் கண்மணி விரிந்து கதிர் கூடுதலாக உள்ளே போகும். துண்டுக்கு மேலே சுற்றிலும் விளிம்புள்ள ஓலைத்தொப்பி இருந்தால் இன்னும் நல்லது. உதட்டுக்கு எஸ்.பி.எஃப் உள்ள லிப் பாம்.

கேள்வி: குழந்தையின் கன்னத்தில் வெளிர் திட்டு. வயிற்றில் பூச்சி என்கிறார்கள். சன்ஸ்கிரீன் போடலாமா?

பூச்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை. வறண்ட தோலில் வரும் சாதாரணத் திட்டுதான், சுற்றியுள்ள தோல் வெயிலில் கருப்பதால் எடுத்துக்காட்டுகிறது. மாய்ச்சரைசர், தொப்பி, அப்புறம் பொறுமை. தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால் மட்டும் உடனே காட்டுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் துணியும்தான்.

கேள்வி: ஒவ்வொரு மார்ச்சிலும் முன்கையிலும் பின்கழுத்திலும் பொரிப் பொரியாக அரிக்கிறது. வேர்க்குருவா?

வேர்க்குரு துணி மூடிய இடத்தில் வரும். இது வெயில் படும் இடத்தில் மட்டும் வருவதால் வெயில் ஒவ்வாமையாக இருக்கலாம், நம் ஊரில் மிகச் சாதாரணம். புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கினீர்களா என்றும் யோசியுங்கள். டாக்ஸிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவை வெயிலைத் தாங்கவிடாது. மூட்டுவலி, வாய்ப்புண், மூக்குக்கு இருபக்கமும் சிவப்பு சேர்ந்து வந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஸ்கூட்டர் டிக்கியில் வைத்திருக்கும் ட்யூபைப் பயன்படுத்தலாமா?

கையில் பிதுக்கிப் பாருங்கள். தண்ணீர் தனியாக, க்ரீம் தனியாகப் பிரிந்து வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். இனிமேல் கைப்பைக்குள் வையுங்கள். டிக்கியில் குடை இருக்கட்டும்.