எந்தப் பாஸ்போர்ட்டில் ஊருக்கு வருவது?

கேள்வி: வலங்கைமான் பக்கத்துக் கிராமம் எனக்கு. வேலைக்காக இங்கிலாந்து போய், 2019-ல் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினேன். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு முறை அதிலேயே ஊருக்கு வந்து, திரும்பும்போது பழைய பி.ஆர்.பி. அட்டையை (வெளிநாட்டவர் அங்கே தங்க பிரிட்டன் கொடுத்த அனுமதி அட்டை) காட்டிப் போயிருக்கிறேன். அந்தப் பாஸ்போர்ட் சீக்கிரமே காலாவதியாகப் போகிறது. அப்பா போன வருடம் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். வாரிசுகள் அம்மா, நான், தம்பி, தங்கை. அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய 12 மா (ஏறக்குறைய நாலு ஏக்கர்) நஞ்சையைத் தம்பி சாகுபடி செய்கிறான். பங்கு கேட்டால், “நீ வெள்ளைக்காரன் ஆயிட்ட, உனக்கு நிலம் கிடையாது. மீறிக் கேட்டா ரெண்டு பாஸ்போர்ட் வச்சிருக்கிறதை எழுதிப் போட்டுடுவேன்” என்கிறான். அவனைப் படிக்க வைத்ததே நான். அம்மா தன் பங்கையும் எனக்கே எழுதித் தருவதாகச் சொல்கிறார். அடுத்த மாதம் அப்பாவின் வருஷத் திதிக்கு எந்தப் பாஸ்போர்ட்டில் வருவது? இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வைத்துக்கொண்டால் நிலத்துக்குப் பாதுகாப்பா?

பதில்: தம்பியைப் படிக்க வைத்தது, வீடு கட்டப் பணம் அனுப்பியது, அப்பாவின் காரியத்துக்கு வர முடியாமல் போனது எல்லாவற்றையும் நீளமாக எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் புரிகிறது. ஆனால் அதில் ஒரு வரிகூட வழக்குக்கு உதவாது. உதவுவது ஒரே ஒரு தேதிதான்: 2019-ல் நீங்கள் பிரிட்டிஷ் குடிமகனான நாள்.

அன்றோடு உங்கள் இந்தியக் குடியுரிமை போய்விட்டது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை, தானாகவே போய்விடும். ‘எனக்குத் தெரியாது, பாஸ்போர்ட் மட்டும்தான் வாங்கினேன்’ என்றும் சொல்ல முடியாது. வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கியதே அந்த நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றதற்கு முடிவான சான்று என்று விதிகளின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. அந்த விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் இஸ்ஹார் அகமது கான் வழக்கில் 1962-லேயே சொல்லிவிட்டது. இரட்டைக் குடியுரிமையை பிரிட்டன் அனுமதிக்கிறதே என்பீர்கள். அது அவர்கள் சட்டம். இங்கே கிடையாது.

காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருக்கிறார்களே என்று உங்கள் மாமா சொன்ன உதாரணமும் பொருந்தாது. 1956-ல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்த, புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளை பிரான்ஸ் இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தத்தின்படி பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகத்தான் அங்கே இருந்தார்கள். அவர்களும் ஒன்றைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே எந்தப் பாஸ்போர்ட் என்ற கேள்விக்கே இடமில்லை. உங்களிடம் இருப்பது ஒன்றுதான், பிரிட்டிஷ் பாஸ்போர்ட். மற்றது ஒப்படைத்திருக்க வேண்டிய புத்தகம்.

இனி நான் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். ‘புதுப்பித்து வைத்துக்கொண்டால்’ என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். வழக்குக்காக என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் கவிழ்வது இங்கேதான். காலாவதியாகாத பழைய பாஸ்போர்ட்டில் வந்து போனது ஒரு தவறு. ஒப்படைக்கும்போது எவ்வளவு காலம் வைத்திருந்தீர்கள், எத்தனை முறை பயணம் செய்தீர்கள் என்று பார்த்து அபராதம் போடுவார்கள். பெரும்பாலும் அதோடு முடிகிறது. புதுப்பிக்க விண்ணப்பிப்பது முற்றிலும் வேறு. அந்தப் படிவத்தின் கடைசியில் ஓர் உறுதிமொழி இருக்கிறது. வேறு எந்த நாட்டின் குடியுரிமையையோ பயண ஆவணத்தையோ நான் விரும்பிப் பெறவில்லை, இந்தியக் குடியுரிமையை இழக்கவில்லை என்று அதில் சொல்லித்தான் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் போடும் கையெழுத்து பொய்க் கையெழுத்து. பாஸ்போர்ட் சட்டம் 12-ஆம் பிரிவின் (1ஏ) உட்பிரிவு இதற்கென்றே எழுதியது போல இருக்கிறது: இந்தியக் குடிமகன் அல்லாதவர் தன் தேசியத்தை மறைத்துப் பாஸ்போர்ட் வாங்கினால், விண்ணப்பித்தாலே கூட, குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு சிறை. அபராதம் தனி. அப்படி வாங்கிய பாஸ்போர்ட்டில் வந்து இறங்கினால் 2025-ஆம் ஆண்டுக் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. மோசடியாகப் பெற்ற பயண ஆவணத்தைப் பயன்படுத்தினால் அதில் இரண்டு முதல் ஏழு ஆண்டு சிறை, ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை அபராதம்.

லண்டனில் கேட்டால் விசா ஆவணம் கேட்பார்கள் என்று, ஊர் விலாசத்தைக் கொடுத்துத் தஞ்சாவூரில் விண்ணப்பிக்கச் சொல்லும் ஏஜெண்டுகள் உண்டு. அப்படிச் செய்தால் போலீஸ் விசாரணை எங்கே வரும்? உங்கள் வீட்டுத் திண்ணைக்கு. அங்கே உட்கார்ந்து பதில் சொல்லப் போவது உங்கள் தம்பி.

பழைய புத்தகத்திலேயே இன்னொரு தடவை வந்துவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். பி.ஆர்.பி. அட்டைகளை 2024 கடைசியோடு பிரிட்டன் நிறுத்தியாயிற்று. குடிமகனானதும் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கவும் வேண்டும். திருச்சி விமான நிலையத்தில் திரும்பும்போது எதைக் காட்டுவீர்கள்? விமான நிறுவனக் கவுண்டரில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை நீட்டுவீர்கள், குடியேற்றக் கவுண்டரில் இந்தியப் பாஸ்போர்ட்டை நீட்டுவீர்கள். ‘லண்டனுக்குப் போக விசா எங்கே’ என்று அதிகாரி கேட்கும் அந்த நிமிடத்தில் இரண்டும் மேஜைக்கு வந்துவிடும்.

சரி, நிலம். தம்பி சொல்வது தவறு. குடியுரிமை மாறியதால் வாரிசுரிமை போகாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தம்பி, தங்கை நால்வருக்கும் சம பங்கு, ஆளுக்கு 3 மா. இந்தியாவில் வசித்தவரிடமிருந்து வாரிசாக வரும் சொத்தை வெளிநாட்டுக் குடிமகன் வைத்திருக்க அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் 6(5) பிரிவே இடம் தருகிறது. நிலத்துக்காக இந்தியப் பாஸ்போர்ட் தேவையே இல்லை. பலரும் இந்தப் பயத்தில்தான் புதுப்பித்துத் தொலைக்கிறார்கள்.

ஆனால் அம்மா எழுதித் தருவதாகச் சொன்னது ஆபத்து. ஓசிஐ அட்டைக்காரர் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டையை வைத்திருப்பவர்) விவசாய நிலத்தை விலைக்கு வாங்கவும் முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. செட்டில்மென்ட் பத்திரம் என்றாலும் அது தானம்தான். சார்பதிவாளர் பதிந்து கொடுத்துவிடுவார், பட்டாவும் மாறிவிடும். வருடங்கள் கழித்து விற்றுப் பணத்தை வெளியே அனுப்ப வங்கிக்குப் போகும்போது மூலப் பத்திரம் கேட்பார்கள், அங்கே மாட்டும். ஃபெமாவில் அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். அம்மாவுக்கு மனம் இருந்தால் உயில் எழுதட்டும். உயில் வழியாக வருவது வாரிசுரிமை.

எனவே முதலில் லண்டன் தூதரகம் மூலமாகப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்குங்கள். இரண்டு பயணத்தையும் மறைக்காமல் எழுதுங்கள், அபராதத்தைப் பேரம் பேசாமல் கட்டுங்கள். வழக்கே வராது என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் நீங்களே போய் ஒப்படைத்த பிறகு தம்பியின் மிரட்டலில் வலு குறைந்துவிடும். அப்புறம் ஓசிஐ. அடுத்த மாதத்துக்குள் இதெல்லாம் முடியாது. திதியை இந்த வருடம் அங்கேயே கொடுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அதையும் நீக்கச் சொல்லுங்கள்.

பாகப்பிரிவினை வழக்கு போடலாமா என்றால், போடலாம், உரிமை இருக்கிறது. போட வேண்டாம் என்பேன். உங்கள் பங்கு 3 மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர். குறுவைக்கும் சம்பாவுக்கும் நீங்கள் வரப் போவதில்லை. வழக்கு போட்டால் எதிர்வாதத்தில் முதல் பத்தியிலேயே உங்கள் இரண்டு பாஸ்போர்ட்டும் நீதிமன்ற ஆவணமாகிவிடும். உங்களுக்கு இருக்கும் பலவீனத்துக்கு இந்த ஒரு ஏக்கர் ஈடாகாது. ஓசிஐ வந்ததும் ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்து விலை பேசி, உங்கள் பங்கைத் தம்பிக்கே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகன், அவருக்குக் கொடுக்கத் தடையில்லை. சந்தை விலையில் கொஞ்சம் குறைந்தாலும் ஒத்துக்கொள்ளுங்கள். பணத்தை உங்கள் என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்காக இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) காசோலையாகவே வாங்குங்கள். ஒரு பைசாகூட ரொக்கமாக வேண்டாம்.

நேரில் வர முடியாமல் தங்கைக்குப் பவர் கொடுப்பதானால் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புங்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிட வேண்டும், தங்கையிடம் சொல்லிவையுங்கள். பவரிலும் பத்திரத்திலும் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பிரிட்டிஷ் குடிமகன் என்றும் ஓசிஐ எண்ணும் இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பத்திரம் எழுதுபவர் பழைய படிவத்தைப் பார்த்து ‘இந்தியக் குடிமகன்’ என்று தட்டச்சு செய்து வைத்திருப்பார்.